ஓர் ஐசி, இரண்டு டயோடு, ஒரு அலுமினியப் பெட்டி: கிட்டாருக்கு நாமே கட்டும் டிஸ்டார்ஷன் பெடல்

அப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். அவருடைய பெட்டியில் மிச்சமிருந்த சாமான்களில் ஒரு தீப்பெட்டிக்குள் பதினோரு டயோடுகள் (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உதிரிகள்) இருந்தன. கண்ணாடிக் குப்பிக்குள் தலைமுடி போல ஒரு கம்பி வளைந்து போய் ஒரு சின்னத் துண்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். 1என்60, ஜெர்மானியம். வானொலி அலையிலிருந்து பேச்சையும் பாட்டையும் பிரித்தெடுப்பது அதன் வேலை. எழுபதுகளின் சில ராக் கிட்டார் பெடல்களுக்குள், அதாவது காலால் மிதித்துக் கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பெட்டிகளுக்குள், இருந்ததும் இதே வகை டயோடுதான் என்று தெரிந்த அன்றைக்கே சால்டரிங் அயர்னைக் கையில் எடுத்தேன்.

இங்கே நான் சொல்லப்போவது நான் கட்டிய நான்காவது பெடல். முதல் மூன்றிலும் நல்ல டயோடு கிடைத்தால் நல்ல சத்தம் வந்துவிடும் என்று நம்பி டயோடையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். டயோடு முக்கியம்தான். ஆனால் அந்தப் பழைய இசைத்தட்டுகளில் கேட்கும் உறுமலின் சூட்சுமம் டயோடுக்கு முன்னாலேயே, ஒரு 47 நானோஃபாரட் கெப்பாசிட்டரில் (மின்னூட்டத்தைத் தேக்கும் உதிரி) இருக்கிறது என்று எனக்குப் பிடிபட அத்தனை காலம் ஆனது.

முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வந்தது என்று இரண்டு வார்த்தை. 1961இல் வெளிவந்த ஒரு பாட்டுக்காக அமெரிக்காவின் நாஷ்வில்லில் நடந்த ஒலிப்பதிவில், மிக்ஸிங் மேசையின் ஒரு சேனல் பழுதாகி கிரேடி மார்ட்டின் வாசித்த பேஸ் கிட்டார் கரகரவென்று பதிவானது. அதை அழிக்காமல் அப்படியே வெளியிட்டார்கள். அந்தப் பழுதை வேண்டும்போது வரவழைக்கும் பெட்டியாக 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் வந்தது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் கீத் ரிச்சர்ட்ஸ் அதை மிதித்து வாசித்த பிறகுதான் உலகமே அதைத் தேட ஆரம்பித்தது. 1966இல் ஃபஸ் ஃபேஸ், 1969இல் பிக் மஃப். இவையெல்லாம் டிரான்சிஸ்டரை வைத்துக் கட்டியவை. எழுபதுகளில் ஐசி (பல டிரான்சிஸ்டர்களை ஒரே சில்லில் அடக்கிய உதிரி) மலிவாகக் கிடைக்க ஆரம்பித்ததும் எம்எக்ஸ்ஆர் டிஸ்டார்ஷன் பிளஸ் போன்ற பெடல்கள் வந்தன. ராக் கிட்டார் கலைஞர் ராண்டி ரோட்ஸ் தன் மார்ஷல் ஆம்புக்கு (கிட்டார் ஒலிபெருக்கி) முன்னால் வைத்திருந்தது அதைத்தான். நாம் கட்டப்போவது அந்தக் குடும்பத்துப் பெடல். முதல் முறை கட்டுகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை என்பது என் கருத்து. ஃபஸ் ஃபேஸில் உதிரிகள் இன்னும் குறைவு, ஆனால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் ஒவ்வொன்றும் ஒரு குணம். அறை சூடேறினாலே சத்தம் மாறும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

உள்ளே நடப்பது

கிட்டாரிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. மெதுவாக மீட்டினால் பத்தில் ஒரு வோல்ட் அளவில்தான் இருக்கும். ஐசி அதைப் பல மடங்கு பெருக்குகிறது. பெருகிய அலை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் வைத்த இரண்டு டயோடுகளைச் சந்திக்கிறது. ஜெர்மானியம் டயோடு ஏறத்தாழ 0.3 வோல்ட்டிலும், சிலிக்கான் 0.6 வோல்ட்டிலும் கதவைத் திறந்து மிச்சத்தைக் கிரவுண்டுக்கு (பேட்டரியின் மைனஸோடு சேரும் பொது இணைப்பு) விட்டுவிடும். மேல் முனை ஒரு டயோடிலும் கீழ் முனை இன்னொன்றிலும் சீவப்பட்டு, உருண்டையாக வந்த அலை தட்டையான தலையோடு வெளியே போகும். அந்தத் தட்டைத்தனத்தைத்தான் காது கரகரப்பாகவும், சுரம் அறுபடாமல் நீண்டுகொண்டே போவதாகவும் கேட்கிறது.

சேர்க்க வேண்டியவை

ஐசி: எல்எம்741 ஒன்று, டிஎல்071 ஒன்று. இரண்டுக்கும் கால் வரிசை ஒன்றே என்பதால் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கலாம். அதற்காக எட்டுக் கால் சாக்கெட் ஒன்று. ரெசிஸ்டர்: 1 மெகா ஓம் இரண்டு, 47 கிலோ ஓம் இரண்டு, 10 கிலோ ஓம் இரண்டு, 4.7 கிலோ ஓம் ஒன்று. பெடல் வேலை செய்வதைக் காட்ட ஒரு எல்இடி, அதற்குத் தனியாக 4.7 கிலோ ஓம் இன்னொன்று. கெப்பாசிட்டர்: 1 நானோஃபாரட் இரண்டு, 10 நானோ, 47 நானோ ஒவ்வொன்று, மைக்ரோஃபாரட்டில் 1, 47, 100 ஒவ்வொன்று, மூன்றும் பிளஸ், மைனஸ் பார்த்துப் போட வேண்டிய எலக்ட்ரோலிட்டிக். கன்ட்ரோல் (திருப்பும் குமிழ்): கரகரப்புக்கு 500 கிலோ ஓம் ரிவர்ஸ் லாக், வால்யூமுக்கு 100 கிலோ ஓம் லாக். டயோடு: 1என்60 அல்லது 1என்34ஏ இரண்டு, 1என்4148 இரண்டு, சிவப்பு எல்இடி இரண்டு; மின்சாரம் தலைகீழாக வந்தால் தடுக்க 1என்5817 ஒன்று. ஒன்பது கால் ஃபுட்சுவிட்ச், ஒரு ஸ்டீரியோ ஜாக், ஒரு மோனோ ஜாக், 9 வோல்ட் பேட்டரி கிளிப். எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு பிரெட்போர்டு (பற்றவைக்காமல் உதிரிகளைக் குத்திப் பார்க்கும் பலகை), ஒரு மல்டிமீட்டர்.

லாக், ரிவர்ஸ் லாக், லீனியர் என்பவை குமிழைத் திருப்பத் திருப்பத் தடை எப்படி மாறுகிறது என்பதன் வகைகள். ரிவர்ஸ் லாக் கிடைக்கவில்லை என்றால் சாதாரண லாக் கன்ட்ரோலை எதிர்ப்பக்கமாக இணைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் திருப்பினால் கரகரப்பு கூடும், அவ்வளவுதான் வித்தியாசம். லீனியர் மட்டும் வேண்டாம். குமிழின் முக்கால் பாகம் ஒன்றுமே நடக்காமல் இருந்து கடைசிக் கீற்றில் எல்லாம் ஒரேயடியாக வந்து விழும்.

ஜெர்மானியம் வாங்கும்போது கண்ணாடிக்குள் அந்த மயிரிழைக் கம்பி தெரிகிறதா என்று பாருங்கள். 1என்60 என்ற பெயரிலேயே ஜெர்மானியமே இல்லாத ஷாட்கி வகை டயோடுகளும் விற்கப்படுகின்றன.

பிரெட்போர்டில்

சால்டரிங் அயர்னைச் சூடாக்கும் அவசரம் வேண்டாம். முதலில் எல்லாவற்றையும் பிரெட்போர்டில் குத்திப் பார்த்துவிடுங்கள். காது சம்மதித்த பிறகு பலகைக்குப் போகலாம்.

பேட்டரியின் பிளஸ் 1என்5817 வழியாக உள்ளே வரட்டும். டயோடின் கோடு போட்ட முனை சுற்றை நோக்கி இருக்க வேண்டும். உள்ளே வந்ததும் பிளஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 மைக்ரோஃபாரட். அடுத்து பிளஸிலிருந்து கிரவுண்டுக்கு இரண்டு 47 கிலோ ஓம்களை வரிசையாகப் போடுங்கள். இரண்டும் சேரும் நடுப்புள்ளியில் பாதி மின்னழுத்தம் நிற்கும். அதிலிருந்து கிரவுண்டுக்கு 47 மைக்ரோஃபாரட், பிளஸ் கால் நடுப்புள்ளியில். கிட்டார் அலை மேலும் கீழும் ஆட வேண்டும், நம்மிடம் இருப்பதோ ஒரே ஒரு பேட்டரி. அதனால் இந்தப் பாதி மின்னழுத்தத்தையே தரையாக வைத்து அலையை ஆடவிடுகிறோம்.

ஐசியின் பிறைவெட்டு மேல்நோக்கி இருக்கும்படி வைத்தால் அதற்கு இடப்பக்கத்தில், அல்லது புள்ளி இருந்தால் அதன் பக்கத்தில், இருப்பது 1ஆம் கால். அங்கிருந்து கடிகாரத்துக்கு எதிர்ப்புறமாக எண்ணுங்கள். 7ஆம் கால் பிளஸுக்கு, 4ஆம் கால் கிரவுண்டுக்கு. 1, 5, 8 மூன்றையும் சும்மா விட்டுவிடலாம்.

கிட்டார் உள்ளே வரும் இடத்தில் கிரவுண்டுக்கு ஒரு 1 நானோ. பிறகு 10 நானோ வழியாகவும், அதை அடுத்து 10 கிலோ ஓம் வழியாகவும் அலை 3ஆம் காலுக்குப் போகட்டும். 3ஆம் காலிலிருந்து பாதி மின்னழுத்தப் புள்ளிக்கு 1 மெகா ஓம். அந்த வாசல் 1 நானோவை வேண்டாத சாமான் என்று எண்ணி ஒரு முறை விட்டுவிட்டேன். அன்றிரவு மூடாத பெடலைப் போட்டதும் ஆம்பிலிருந்து சன்னமாகச் செய்தி வாசிப்பு கேட்டது. நீளமான ஒயர் ஆண்டெனாவாகி, ஐசியின் வாசலே அப்பாவின் டயோடு செய்த வேலையைச் செய்துகொண்டிருந்தது. 1 நானோவைப் போட்டுப் பெட்டியை மூடியதும் குரல் நின்றது.

இப்போது பெருக்கும் பகுதி. 6ஆம் காலிலிருந்து 2ஆம் காலுக்கு 1 மெகா ஓம். 2ஆம் காலிலிருந்து 47 நானோ, அதைத் தொடர்ந்து 4.7 கிலோ ஓம், அதைத் தொடர்ந்து 500 கிலோ ஓம் கன்ட்ரோல், கடைசியில் கிரவுண்டு. கன்ட்ரோலில் இரண்டு கால் போதும். குமிழ் நம்மைப் பார்க்க, கால்கள் கீழே தொங்கும்படி பிடித்தால் நடுக்காலும் வலது காலும்.

வெளியே போகும் வழி: 6ஆம் காலிலிருந்து 1 மைக்ரோஃபாரட், பிளஸ் கால் ஐசி பக்கம். பிறகு 10 கிலோ ஓம். அது முடியும் புள்ளியிலிருந்து கிரவுண்டுக்கு மூன்று சாமான் இறங்கும்: ஒரு டயோடு நேராக, இன்னொன்று தலைகீழாக, கூடவே ஒரு 1 நானோ. அதே புள்ளி 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் வலது காலுக்கும் போகும். இடது கால் கிரவுண்டு, நடுக்கால் வெளியே. டிஸ்டார்ஷன் பிளஸில் இந்த வால்யூம் 10 கிலோ ஓம்தான். நான் 100 போடக் காரணம், டயோடை மாற்றிப் பார்க்கும்போது சத்தம் தாராளமாக வர வேண்டும் என்பது. 10 கிலோ போட்டால் டயோடுக்கு வரும் முன்பே அலை பாதியாகிவிடும். எல்இடி போட்டீர்களானால் அது சரியாகச் சீவவே சீவாது.

கிட்டாரைச் செருகும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். கறுப்பு முனை கிரவுண்டில். 7ஆம் காலில் 9 வோல்ட்டுக்குச் சற்றுக் குறைவாகக் காட்ட வேண்டும், 4ஆம் காலில் பூஜ்யம், 6ஆம் காலில் 7ஆம் கால் காட்டியதில் பாதி, ஏறத்தாழ 4.4. மூன்றாவது காலில் மட்டும் 4 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். அது பழுது இல்லை. அந்தக் கால் 1 மெகா ஓம் வழியாகத் தொங்குகிறது. மல்டிமீட்டர் தனக்கென்று கொஞ்சம் இழுத்துக்கொள்வதால்தான் அந்தக் குறைவு. இது தெரியாமல் நான் மூன்று ஐசிகளைக் கழற்றி மாற்றியிருக்கிறேன்.

6ஆம் கால் 8 வோல்ட்டிலோ 1 வோல்ட்டிலோ ஒட்டிக்கொண்டு நின்றால், ஐசியைச் சந்தேகிக்கும் முன் 3ஆம் காலின் 1 மெகா ஓம் நிஜமாகவே நடுப்புள்ளியைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஐசியைத் தொட்ட விரல் சுட்டால் எங்கோ தப்பாகக் குத்தியிருக்கிறீர்கள். உடனே பேட்டரியைப் பிடுங்குங்கள்.

அந்த 47 நானோ

கரகரப்பை முழுதும் திருப்பினால் ஐசி பெருக்குவது ஏறத்தாழ 213 மடங்கு: 1 மெகாவை 4.7 கிலோவால் வகுத்து ஒன்று கூட்டினால் வரும் எண். ஆனால் எல்லாச் சுருதிக்கும் அந்த எண் இல்லை. 47 நானோவும் 4.7 கிலோவும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸ் என்ற இடத்தில் ஒரு வரம்பு கட்டுகின்றன. அதற்குக் கீழே போகப் போகப் பெருக்கம் சரியும். கிட்டாரின் தடித்த ஆறாவது கம்பி 82 ஹெர்ட்ஸ். அதற்குக் கிடைப்பது 24 மடங்குதான்.

இதனால் என்ன லாபம்? அடிச்சுருதி பெரிதாகப் பெருகி டயோடில் மோதினால், அதன் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேலே சவாரி செய்யும் மற்றச் சுரங்கள் நசுங்கிப்போகும். கம்பளிக்குள் சுருட்டிய மாதிரி ஒரு கொழகொழப்பு. இரண்டு கம்பியில் இரண்டு சுரத்தைச் சேர்த்துப் பவர் கார்டு பிடித்தால் எந்த சுரம் என்றே தெரியாது. அடிச்சுருதியை முன்கூட்டியே குறைத்து அனுப்பினால், சீவப்படுவது நடுச்சுருதியாக இருக்கும். ஒவ்வொரு அடியும் தெளிவாக வெட்டிக்கொண்டு வரும். குறைந்த அடிச்சுருதியை ஆம்பில் பிறகு கூட்டிக்கொள்ளலாம். சீவி முடித்த பிறகு கூட்டும் பேஸ் கொழகொழக்காது.

இதை நான் சொல்லி நம்ப வேண்டாம். 47 நானோவை எடுத்துவிட்டு 220 நானோவைக் குத்துங்கள். வரம்பு 154 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒற்றைக் கம்பியில் மெதுவாக ஒரு மெட்டை வாசித்தால் அறை நிறைந்து அருமையாக இருக்கும். அதையே பவர் கார்டில் வேகமாக அடித்துப் பாருங்கள், எல்லாம் ஒரே கூழாகிவிடும். அடுத்து 100 நானோ, வரம்பு 339 ஹெர்ட்ஸ். கிட்டாரில் கம்பிகள் வந்து முடியும் பாலத்துக்குப் பக்கத்து பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை மின்னலையாக்கும் பகுதி) அதிகம் வாசிப்பவர்களுக்கு இந்த மதிப்பைத்தான் சிபாரிசு செய்வேன். நான் ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார் வைத்திருப்பதால் 47க்கே திரும்பி வந்தேன். ஒரு முழு மாலையை இதற்கே செலவழியுங்கள். டயோடுக்கு மறுநாள் வரலாம்.

டயோடும் ஐசியும்

ஜெர்மானியம் மெதுவாகக் கதவு திறக்கும். சீவிய விளிம்பு மழுங்கலாக இருக்கும், சத்தமும் சற்றுக் குறைவு. கம்பியைத் தடவினால் சுத்தம், அழுத்தினால் உறுமல் என்று விரலுக்குக் கட்டுப்படும். 1என்4148 போட்டால் சத்தம் எழும்பும், விளிம்பு கூர்மையாகும். மற்ற வாத்தியங்களோடு சேர்ந்து வாசிக்கும்போது கிட்டார் மூழ்காமல் நிற்க வேண்டுமானால் இதுதான். சிவப்பு எல்இடிக்கு ஏறத்தாழ 1.7 வோல்ட் வேண்டும். பெரிய சத்தம், திறந்த மார்பு, கரகரப்பு குறைவு. ஓங்கி அடிக்கும்போது அவை மினுக்குவதைப் பார்க்கலாம்.

741ஐ இன்றைக்குப் பலர் பழங்காலத்து ஐசி என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 213 மடங்கு பெருக்கச் சொன்னால் அதனால் 5 கிலோ ஹெர்ட்ஸைக்கூட எட்ட முடியாது. மேலே உள்ள கீச்சொலி தானாகவே மட்டுப்பட்டுவிடும். கிட்டாருக்கு இது ஒரு வரம். டிஎல்071 அதே வேலையை 14 கிலோ ஹெர்ட்ஸ் வரை செய்யும், இரைச்சலும் குறைவு, ஆனால் காதில் மணல் உரசுகிறது. டிஎல்071தான் கையில் இருக்கிறது என்றால் டயோடோடு இருக்கும் 1 நானோவை 4.7 நானோவாக மாற்றிப் பாருங்கள், மணல் அடங்கும்.

பலகைக்கும் பெட்டிக்கும்

பிடித்த மதிப்புகள் முடிவானதும் வெரோபோர்டில் (செம்புக் கீற்றுகள் ஓடும் துளைப் பலகை) பற்றவையுங்கள். ஐசிக்கும் டயோடுகளுக்கும் சாக்கெட் வையுங்கள், மனம் மாறும். ஜெர்மானியத்தை நேரடியாகப் பற்றவைப்பதானால் பலகைக்கும் டயோடுக்கும் நடுவே காலை மூக்குக் குறடால் கவ்விக்கொள்ளுங்கள். சூடு குறட்டுக்குப் போகட்டும், கண்ணாடிக்குள் போக வேண்டாம். முடித்ததும் கையைக் கழுவுங்கள். சால்டரில் ஈயம் இருக்கிறது.

ஒரு சனிக்கிழமை முழுதும் என்னை அலைக்கழித்த பழுதைச் சொல்லிவிடுகிறேன். பெடல் வாசிக்கும், திடீரென்று நின்றுவிடும், பலகையை விரலால் அழுத்தினால் திரும்ப வாசிக்கும். ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு சாமானாகத் தட்டிக்கொண்டே போனேன். 4.7 கிலோ ஓமைத் தொட்டதும் ஆம்பில் பட்டென்று சத்தம். பூதக்கண்ணாடியில் பார்த்தால் அந்த மூட்டில் சால்டர் மங்கிய சாம்பல் உருண்டையாகக் காலைச் சுற்றி உட்கார்ந்திருந்தது, காலைப் பிடிக்கவே இல்லை. நல்ல மூட்டு பளபளப்பாக, கால் மேல் சரிந்து ஏறிய கூம்பாக இருக்கும். முதலில் காலையும் செம்பையும் சூடாக்கிவிட்டு அப்புறம் சால்டரைத் தொடுங்கள்.

பெட்டி உலோகமாகத்தான் இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் ம்ம்ம் என்ற மின் இரைச்சல் உள்ளே வரும். 1590பி என்ற அளவு அலுமினியப் பெட்டி, 112க்கு 60க்கு 31 மில்லிமீட்டர், இதற்குச் சரியாக இருக்கும். ஜாக்குக்கு 9.5 மில்லிமீட்டர், கன்ட்ரோலுக்கு 7, ஃபுட்சுவிட்சுக்கு 12, எல்இடிக்கு 5. துளை போடும் முன் சாமான்களை உள்ளே படுக்கவைத்துப் பாருங்கள். பேட்டரிக்கு இடம் விட மறப்பது எல்லோருக்கும் நடப்பது.

ஃபுட்சுவிட்சின் ஒன்பது கால்கள் மூன்று தனித்தனி சுவிட்சுகள். எந்த மூன்று ஒரு வரிசை என்று மல்டிமீட்டரின் பீப் சத்தத்தால் கண்டுபிடியுங்கள். முதல் வரிசையின் நடுக்காலில் உள்ளே வரும் ஜாக், இரண்டாவதன் நடுக்காலில் வெளியே போகும் ஜாக், மூன்றாவதன் நடுக்காலில் கிரவுண்டு. ஒரு பக்கத்துக் கால்களில் முறையே சுற்றின் வாசல், சுற்றின் வெளியேற்றம், எல்இடியின் மைனஸ். எல்இடியின் பிளஸ் 4.7 கிலோ ஓம் வழியாகப் பேட்டரிக்கு. மறு பக்கத்தில் முதல் இரண்டு வரிசைக் கால்களை ஒரு துண்டு ஒயரால் சேர்த்துவிடுங்கள். பெடல் அணைந்திருக்கும்போது கிட்டார் அந்த ஒயர் வழியாக நேரே போய்விடும்.

உள்ளே வரும் ஜாக் ஸ்டீரியோவாக இருப்பது பேட்டரிக்காக. பேட்டரியின் மைனஸை அதன் நடு வளையத்தில் இணையுங்கள். கிட்டார் ஒயரைச் செருகினால்தான் வளையம் கிரவுண்டைத் தொடும், மின்சாரம் ஓடும். ஆக, வாசித்து முடித்ததும் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள்.

ஆம்புக்கு முன்னால்

இந்தப் பெடலை மிகச் சுத்தமான ஆம்பில் போட்டால் தேனீக் கூட்டம் மாதிரி கேட்கும். ஓங்கி மீட்டினால் மட்டும் லேசாகக் கரகரக்கும் அளவுக்கு ஆம்பை முதலில் ஏற்றுங்கள். பிறகு பெடலை மிதித்து, கரகரப்பைப் பாதியிலும் வால்யூமை முக்காலிலும் வையுங்கள். பெடல் ஒரு பங்கு சீவ, ஆம்ப் மறு பங்கு சீவ, இரண்டும் சேர்ந்து உருளும். ஆம்ப் வால்வு ஆம்பாக இருந்தால் அதைத் திறந்து உள்ளே எதையும் தொடாதீர்கள். அணைத்த பிறகும் சில நூறு வோல்ட் உள்ளே நிற்கும்.

என்னுடையதில் கரகரப்பு இரண்டு மணி முள் இருக்கும் இடத்தில் நிற்கிறது, டயோடு அப்பாவின் 1என்60, ஐசி 741. கிட்டாரின் வால்யூமை ஏழுக்குக் குறைத்தால் கார்டுகள் தெளிந்து வரும், பத்துக்குத் திருப்பினால் ஒற்றைச் சுரம் பாட ஆரம்பிக்கும். காலால் தொட வேண்டிய தேவையே பெரும்பாலும் வருவதில்லை.